இரண்டு இரவுக்கான மூட்டை

சவ்லெ, நீ போனில் சொன்னபடியே
முதலில் ரைஹானுடையதை எடுத்துவைத்தேன்.
பதினொரு மாதக்காரிக்கு
ஒரு குடித்தனமே வேண்டியிருக்கிறது:
நாப்கின் நாற்பது
(இரண்டு முறை எண்ணினேன்,
முதல் முறை முப்பத்தெட்டு),
பால்மாவு, ஃபிளாஸ்க், கரண்டி,
கரண்டி தொலைந்தால் இன்னொரு கரண்டி,
காய்ச்சல் மருந்து,
ஈறு நமைச்சலுக்கு நீ வாங்கிய ரப்பர் வளையம்.
வளையத்தை அவள் இப்போது தொடுவதில்லை.
என் கைக்கடிகாரப் பட்டைதான் வேண்டும்.
உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை,
நீ அல்மாத்திக்குப் படிக்கப் போய்
ஏழு வாரம் ஆகிறது.

யெர்னார் தன் பையைத் தானே கட்டினான்.
ஏழு வயதுப் பை அவ்வளவு கனக்குமா?
திறந்தால் ஆட்டுக் கணுக்கால் எலும்புகள்,
அசிக் ஆட்டத்துக்கு,
சிவப்பும் பச்சையும் பூசி இருபத்துமூன்று.
ஜட்டி எங்கேடா என்றேன்.
"போட்டிருக்கேனே" என்றான்.

அக்மராலிடம் கேட்கப் போனேன்.
"எனக்கு ஒண்ணும் வேணாம்."
பதினைந்து வயதின் மொத்தச் சாமானும்
ஒரு சார்ஜர்,
பிறகு கதவு சாத்தும் சத்தம்.

அக்தோபே ஸ்டேஷனில் மைனஸ் பத்தொன்பது.
கம்பளிச் சட்டை ஆளுக்கு மூன்று,
கம்பளிக் காலுறை, கம்பளிக்குள் கம்பளி,
பெரிய பெட்டி முழுக்கக் கம்பளிதான்.
ரயிலுக்குள்ளோ அடுப்பு.
கலீனா அம்மாள் கரியை அள்ளி அள்ளிப் போடுகிறாள்,
ஜன்னலைத் திறக்கவும் விடமாட்டாள்.
நம் பிள்ளைகள் பனியனோடு
ஆற்றங்கரையில் கிடப்பதுபோல் கிடந்தார்கள்.
எதிர்ப்படுக்கைச் சிப்பாய்
பெட்டியை மேலே ஏற்ற உதவினான்.
"உள்ளே என்ன, ஆடா?" என்றான்.
பாதி ஆடு என்று சொல்லலாம்.

பவுர்சாக் முதல் இரவிலேயே தீர்ந்தது.
குர்த் உருண்டைகளை யெர்னார்
பெட்டி முழுக்க விநியோகம் செய்துவிட்டான்.
பதிலுக்கு வந்தவை:
வேகவைத்த முட்டை ஆறு,
அவித்த உருளை,
யாரோ ஒருவரின் ஊறுகாய் வெள்ளரி.
அடுத்த முறை உணவு கட்டவே வேண்டாம்,
இவனைக் கட்டினால் போதும்.

ஆராலுக்கு முன்னால்,
மணி இரண்டோ இரண்டரையோ,
ரைஹான் அழ ஆரம்பித்தாள்.
பால், இல்லை. மருந்து, இல்லை.
கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன்,
சிப்பாயின் காலில் போய் விழுந்தது.
நாற்பது நாப்கினுக்கும் இரண்டு கரண்டிக்கும்
அந்த அழுகையில் ஒரு வேலையும் இல்லை.
பட்டியலை இருட்டிலேயே
மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன்,
என்னத்தை விட்டோம், என்னத்தை விட்டோம் என்று.

மேல்படுக்கையிலிருந்து ஒரு கை தொங்கியது.
கையில் உன் சாம்பல் நிறச் சால்வை.
துவைக்காதது.
தலையணை உறைக்குள் வைத்திருந்திருக்கிறாள்,
ஏழு வாரமாகவா, கிளம்பும்போதா,
நான் கேட்கவில்லை.
சின்னவள் அதில் முகம் புதைத்தாள்,
இரண்டு விக்கல், பிறகு மூச்சு.
"காலைல திருப்பித் தந்துடணும்"
என்றது மேல்படுக்கை,
சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.

ஒன்றும் வேண்டாதவளின் மூட்டையை
நான் சரியாகச் சோதித்திருக்க வேண்டும்.
இல்லை, சோதிக்காததே நல்லது.

ஷிம்கென்ட் தாண்டியதும்
எலும்பு ஒன்று குறைகிறது என்று ஒப்பாரி.
சிப்பாய் முட்டிபோட்டான், நான் முட்டிபோட்டேன்,
கலீனா அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள்.
கிடைத்தவை: ஒரு முட்டை ஓடு, என் கடிகாரம்,
நான்கு தெங்கே நாணயம்.
சிவப்பு எலும்பு மட்டும் இல்லை.
யெர்னார் கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அது ரயிலோடவே போயிட்டு வரட்டும்,
திரும்பும்போது இதே பெட்டியில ஏறலாம்" என்றான்.
பெட்டி எண்ணை அக்மரால்
உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தாள்.

நாளைக் காலை வந்துவிடுவோம், சவ்லெ.
பிளாட்பாரத்தில் எங்களைப் பார்த்ததும் சிரிக்காதே.
மூவருக்கும் எல்லாம் இருக்கிறது.
எனக்கு மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை.
பல்துலக்கியை யெர்னாருடையதில்தான்
ரகசியமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.
பற்பசை ஸ்ட்ராபெரி.